சுவருக்குக் கத்தரிப்பூ நிறம்: பல்பு வாங்குவதிலிருந்து டச்-அப் வரை

வெளிர் ஊதா, லாவெண்டர், கத்தரிப்பூ கலர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பெயிண்ட் கடையில் ஒரு கொத்து அட்டைகளை எடுத்து உங்கள் முன் விரிப்பார்கள். எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தால், சுவரில் ஏறியபின் அது சாம்பலாகத் தெரியலாம், குழந்தைச் சட்டை ரோஸாகத் தெரியலாம், வெறும் நீலமாகவும் தெரியலாம். எங்கள் படுக்கையறைக்கு இந்த நிறத்தை அடித்து முடிப்பதற்குள் கடை, பெயிண்டர், எலக்ட்ரிக் கடை என்று ரொம்பவே அலைந்துவிட்டோம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

இந்த நிறம் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிர் ஊதா என்பது பெரும்பாலும் வெள்ளை. அதில் துளி நீலமும் துளி சிவப்பும் கலந்திருக்கும். இந்த இரண்டு துளிகளில் எது கொஞ்சம் தூக்கினாலும் நிறம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கிரீம் அடித்த சுவர் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தாலும் அது கிரீம்தான். வெளிர் ஊதா கொஞ்சம் சாய்ந்தால் அது வேறு நிறமாகவே ஆகிவிடும். அதனால் இதை அட்டையில் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் அறையின் வெளிச்சத்தில், உங்கள் சுவரில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகத்தான்.

1. எந்த அறை?

வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் பகல் வெளிச்சம் கொஞ்சம் நீலம் கலந்தே வரும். அங்கே நீலம் சாய்ந்த லாவெண்டரை அடித்தால் அறை சில்லென்று, வெறிச்சோடித் தெரியும். சிவப்புப் பக்கம் சாய்ந்ததை எடுங்கள். மேற்குப் பார்த்த அறையில் இது தலைகீழ். சாயங்கால வெயில் மஞ்சளாக உள்ளே வரும்போது சிவப்பு சாய்ந்த ஊதா முழு ரோஸாகிவிடும். அங்கே நீலம் சாய்ந்ததுதான் தாங்கும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். வேப்பமரமோ மாமரமோ ஜன்னலை ஒட்டி இருந்தால் இலைகளில் பட்டு வரும் வெளிச்சம் பச்சையாக இருக்கும். அது ஊதாவின் மேல் விழுந்தால் நிறம் செத்துச் சாம்பலாகிவிடும். பக்கத்து வீட்டுச் சுவர் ஆரஞ்சாக இருந்தாலும் இதே கதைதான்.

தரையும் கணக்கில் உண்டு. ரெட் ஆக்ஸைடு தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பாதியில் அந்தச் சிவப்பு எதிரொளிக்கும். கீழே ரோஸ், மேலே ஊதா என்று ஒரே சுவர் இரண்டாகத் தெரியும். கிரீம் நிற டைல்ஸ் போட்ட தரைக்கு மேல் ஊதா இன்னும் அழுத்தமாகத் தெரியும், கூடவே டைல்ஸும் பழசாகி மஞ்சளித்தது மாதிரி தெரியும். இதற்காகத் தரையை மாற்ற வேண்டியதில்லை. நிறத்தை ஒரு படி வெளிறியதாக எடுத்தால் போதும்.

சமையலறைக்கு இந்த நிறம் வேண்டாம். மஞ்சள்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் இந்தச் சுவரில் காட்டுவதுபோல வேறெந்தச் சுவரிலும் காட்டாது. படுக்கையறை, படிக்கும் அறை, தையல் மெஷின் போட்ட சின்ன அறை இதெல்லாம் நல்ல இடம். ஹாலில் நான்கு சுவருக்கும் அடிப்பதற்குப் பதில் ஒரு சுவருக்கு மட்டும் அடிப்பதே என் விருப்பம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரிலும் வேண்டாம். அந்தச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் முகத்தில் விழுந்து களைப்பாகக் காட்டும்.

2. பெயிண்டுக்கு முன்னால் பல்பு வாங்குங்கள்

இதைத்தான் எல்லாரும் கடைசியில் செய்கிறார்கள். இந்த நிறத்துக்கு இதுதான் முதல் வேலை.

வெள்ளை வேட்டி மஞ்சளித்தால் சொட்டு நீலம் போடுவோம். ஊதா கலந்த அந்த நீலம் மஞ்சளை அடித்துவிடுவதால் துணி வெள்ளையாகத் தெரிகிறது. மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் நிறங்கள். அதே வேலை உங்கள் சுவரிலும் நடக்கும். வெளிர் ஊதாச் சுவரின் மேல் மஞ்சள் பல்பின் வெளிச்சம் விழுந்தால் ஊதா அடிபட்டுப் போய்ச் சாம்பலோ, அழுக்கு வெள்ளையோதான் மிஞ்சும். மஞ்சள் பல்பில் நீல வெளிச்சம் குறைவு. திருப்பி அனுப்ப நீலம் இல்லாதபோது சுவர் எப்படி ஊதாவாகத் தெரியும்?

எல்இடி பல்பின் பெட்டியில் கெல்வின் கணக்கில் ஒரு எண் இருக்கும். அதைப் படித்துப் பழகுங்கள்.

2700 முதல் 3000 கெல்வின் வரை: வார்ம் ஒயிட், மஞ்சள் வெளிச்சம். லாவெண்டருக்கு எதிரி.

4000 கெல்வின்: நேச்சுரல் ஒயிட் அல்லது கூல் ஒயிட் என்று எழுதியிருப்பார்கள். இதுதான் நமக்கு வேண்டியது.

6500 கெல்வின்: கூல் டே லைட். நம் வீடுகளில் பெரும்பாலும் எரியும் டியூப்லைட் வெளிச்சம் இதுதான். இதில் ஊதா நன்றாகவே தெரியும். ஆனால் நீலப் பக்கம் சாயும், படுக்கையறையில் கடுமையாகவும் இருக்கும்.

பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு வெளிச்சத்துக்கு வைத்திருக்கிறார்கள். "நாலாயிரம் கெல்வின்" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சின்னக் கடைகளில் 3000மும் 6500மும் எளிதாகக் கிடைக்கும், 4000 இருக்காது. கொஞ்சம் பெரிய எலக்ட்ரிக் கடைக்குப் போக வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம்.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: சிஆர்ஐ. பல்பு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. 100 என்றால் முழு உண்மை. சாதாரண பல்புகளில் 80 என்று இருக்கும், 90 கிடைத்தால் எடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாகும்.

அறையில் எல்லா விளக்கும் ஒரே எண்ணில் இருக்கட்டும். டியூப்லைட் 6500, கட்டில் பக்கத்து விளக்கு 3000 என்று கலந்துவைத்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும், மாதிரி பார்க்கும்போது எந்த முடிவுக்கும் வர முடியாது. ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் ஸ்ட்ரிப் லைட் ஏற்கெனவே போட்டிருந்து, அதை மாற்ற மனமில்லை என்றால் இந்த நிறத்தையே விட்டுவிடுங்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன். அந்த வெளிச்சத்துக்குப் பீச், கிரீம், மண் நிறங்கள்தான் பொருந்தும்.

3. அட்டையைப் படிக்கும் விதம்

ஷேட் கார்டில் ஒரு பட்டையில் ஏழெட்டு நிறங்கள் வெளிறியதிலிருந்து அழுத்தமானது வரை வரிசையாக இருக்கும். மேலே உள்ள வெளிர் நிறங்களை மட்டும் பார்த்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதே பட்டையின் கடைசியில் உள்ள அழுத்தமான நிறத்தைப் பாருங்கள். அது நாவல்பழம் மாதிரி இருந்தால் சிவப்புப் பக்கம். இங்க் மாதிரி இருந்தால் நீலப் பக்கம். புகை படிந்த மாதிரி இருந்தால் அதில் கறுப்புச் சாயமும் இருக்கிறது என்று பொருள்.

புகை படிந்த அந்த வகையை ஒதுக்காதீர்கள். அட்டையில் மங்கலாக, யாரும் தொடாததாக இருக்கும். ஆனால் சுவரில் அடித்தபின் பெரியவர்கள் புழங்கும் அறைக்கு அதுதான் நிதானமாக நிற்கும். அட்டையில் பளிச்சென்று இனிப்பாகத் தெரிவது நான்கு சுவரிலும் ஏறினால் பிறந்தநாள் பலூன் கட்டிய இடம்போல் ஆகிவிடும்.

அட்டையில் பிடித்ததற்கு ஒரு படி மேலே, அதாவது இன்னும் வெளிறியதை எடுங்கள். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்போது நிறம் ஏறிக்கொண்டே போகும். ரெண்டு விரல் அகல அட்டையில் இது தெரியாது. சில கம்பெனிகள் எல்ஆர்வி என்ற எண்ணைத் தருகின்றன. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. ஒரே ஜன்னல் உள்ள அறை என்றால் 65க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் வரும் படத்தை நம்பி முடிவு செய்யவே கூடாது. கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்து வெளிர் ஊதாவை நீலமாக்கிவிடும். பெயிண்டரோ உறவினரோ வாட்ஸப்பில் அனுப்பும் படத்துக்கும் இதே நிலைமைதான்.

4. மாதிரி அடித்துப் பார்ப்பது

இரண்டு அல்லது மூன்று ஷேடுகளுக்கு மேல் வேண்டாம். சில கம்பெனிகள் 200 மில்லி மாதிரி டப்பா தருகின்றன. இல்லையென்றால் நீங்கள் அடிக்கப்போகும் அதே எமல்ஷனில் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) 1 லிட்டர் வாங்குங்கள். மலிவான வேறு எமல்ஷனில் அதே ஷேடைக் கலந்து பார்த்தால் பளபளப்பு மாறும், நிறமும் மாறித் தெரியும்.

பழைய பச்சைச் சுவரின் மேல் நேரடியாக அடித்துப் பார்க்காதீர்கள். சுற்றியிருக்கும் பச்சை உங்கள் கண்ணை ஏமாற்றும். கெட்டியான சார்ட் அட்டையோ மெல்லிய பிளைவுட் துண்டோ இரண்டுக்கு இரண்டு அடி அளவில் எடுத்து, முதலில் வெள்ளை பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் இரண்டு கோட் மாதிரி நிறம். ஓரத்தில் ஓர் அங்குலம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். காய்ந்தபின் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நாள், ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு நாள் சாய்த்துவையுங்கள். காலை எட்டு மணி, நடுப்பகல், சாயங்காலம், ராத்திரி விளக்குப் போட்டபின் என்று நான்கு வேளையும் பார்க்க வேண்டும். படுக்கையறைக்கு ராத்திரி வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் அதிக மதிப்பு. நீங்கள் அந்த அறையில் இருக்கப்போகும் நேரம் அது.

எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்தபின் ஒரு படி அழுத்தமாகும். ஈரத்தில் பார்த்து "ரொம்ப லைட்டா இருக்கே" என்று கடைக்கு ஓடாதீர்கள். நான்கு மணி நேரமாவது பொறுங்கள்.

5. சுவரின் உடல்நிலை

புதிதாகப் பூசிய சுவர் என்றால் நீரூற்றிப் பதப்படுத்திக் காய 28 நாள் விட வேண்டும். சிமெண்ட்டின் காரம் குறையாத சுவரில் அடித்தால் சாயம் வெந்து அங்கங்கே வெளிறிவிடும். கிரீமில் இது கண்ணில் படாமல் போகலாம். ஊதாவில் தேமல்போலத் தெரியும். அவசரம் என்றால் காரத்தைத் தாங்கும் பிரைமர் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதுவும் ஈரச் சுவருக்கு மருந்தாகாது.

பழைய வீட்டில் பார்க்க வேண்டியது ஓதம். சுவரின் அடியில் பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் எந்த நிறமும் அடிக்காதீர்கள். மொட்டைமாடி ஒழுகலா, பின்பக்கக் குளியலறைக் குழாயா, தரையிலிருந்து ஏறும் ஈரமா? பெயிண்டர் "ஒரு கோட் வாட்டர்ப்ரூஃப் அடிச்சா போதும்" என்பார். உள்பக்கம் மட்டும் அடைத்தால் அது வேறு இடத்தில் வெடிக்கும். சந்தேகமுள்ள இடத்தில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருந்தால் கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் முழுவதும் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

6. காகிதங்கள்

வாடகை வீடா? உரிமையாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாது. ஷேடின் பெயர், எண், எந்த அறை, செலவு யாருடையது, காலிசெய்யும்போது திரும்ப வெள்ளையடிக்க வேண்டுமா என்ற ஐந்தையும் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள். மின்னஞ்சலோ வாட்ஸப்போ எதுவானாலும் பரவாயில்லை. காலிசெய்யும்போது "பெயிண்டிங் சார்ஜ்" என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பக்கத்தில்தான் வருகின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளவும் இடம் இருப்பதால், நீங்கள் கையெழுத்துப் போட்டது என்ன என்பதே பேசும்.

அடுக்குமாடி என்றால் உள்ளறைக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. பால்கனியின் வெளிச்சுவர், வாசல் கதவின் வெளிப்பக்கம் இரண்டையும் சங்கத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். வேலை நேரம், லிஃப்ட் உபயோகம், குப்பை அள்ளுவது பற்றி முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பெயிண்டரிடம் கொட்டேஷன் எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையால் எழுதியது போதும். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை சதுர அடி, கதவு ஜன்னலைக் கழித்தா கழிக்காமலா, பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) எத்தனை கோட், பிரைமர் எத்தனை, எமல்ஷன் எத்தனை, எந்தக் கம்பெனியில் எந்த வகை, மேற்கூரை சேர்த்தா, எத்தனை நாள், பணம் எத்தனை தவணை. "பட்டி பார்த்து ரெண்டு கோட்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த ரெண்டு கோட் பட்டியா பெயிண்டா என்று பிற்பாடு வாக்குவாதம் வரும்.

கடைசியாக, முக்கியமானது: கடையில் சாயம் கலக்கும் டின்டிங் மெஷினில் கலந்தபின் டப்பா மேல் ஒட்டும் ஸ்டிக்கர். ஷேட் எண், எந்த பேஸ் (சாயம் சேர்ப்பதற்கு முந்தைய மூலப் பெயிண்ட்), தேதி எல்லாம் அதில் இருக்கும். அதைப் படமெடுத்துவைத்து, பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஷேட் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அதே பெயர் வேறு பேஸில் வேறு நிறமாக வரும்.

7. எத்தனை லிட்டர், எவ்வளவு பணம்

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. பத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, ஒரு ஜன்னலுக்கு 16 கழித்தால் சுமார் 400. டப்பாவில் "1 லிட்டருக்கு இரண்டு கோட்டில் இத்தனை சதுர அடி" என்று போட்டிருப்பார்கள். அது வழவழப்பான சுவருக்கான கணக்கு. அதில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். டப்பா 120 என்றால் உங்களுக்கு 100. ஆக 4 லிட்டர். பின்னால் கீறலையும் ஓட்டையையும் சரிசெய்யும் டச்-அப்புக்குச் சேர்த்து 5.

எங்கள் பகுதியில் எனக்குச் சொல்லப்பட்ட விலைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. ஊருக்கு ஊர் மாறும்:

நடுத்தர எமல்ஷன் 5 லிட்டர்: 2,100 ரூபாய்
பிரைமர்: 600
பட்டி: 600
டேப், உப்புத்தாள், தரையில் விரிக்க பிளாஸ்டிக்: 400
கூலி, இரண்டு பேர் நான்கு நாள்: 8,000
மாதிரி டப்பாவும் பல்புகளும்: 1,000

மொத்தம் 12,700. இதில் கூலியே மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது பாருங்கள். எமல்ஷனில் மலிவானதற்கு இறங்கினால் மிச்சமாவது எழுநூறு எண்ணூறுதான். நிறம் தப்பிப்போனால் மறுபடி கொடுக்க வேண்டியது கூலியையும் சேர்த்துத்தான். மாதிரிக்கும் பல்புக்கும் போகும் ஆயிரம் ரூபாயை வீண்செலவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பெயிண்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கடைக்காரர் சொல்லும் விலை வரியோடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை பேஸின் விலைக்கு மேல் சாயத்துக்குத் தனியாக ஒரு தொகை போடுவார்கள். வெளிர் நிறங்களுக்கு அது சொற்பம்தான். பில்லில் அது தனி வரியாக இருக்கட்டும்.

"மெட்டீரியலோடு" ஒப்பந்தம், "லேபர் மட்டும்" ஒப்பந்தம் என்று இரண்டு வகை உண்டு. இந்த நிறத்துக்கு லேபர் மட்டும் பேசி, பெயிண்டை நீங்களே வாங்குவதுதான் நல்லது. பெயிண்டருக்குப் பழக்கமான கம்பெனி, அவருக்கு டோக்கன் (பெயிண்டருக்காகக் கம்பெனி டப்பாவோடு தரும் சலுகைச் சீட்டு) கிடைக்கும் கம்பெனி என்று ஒன்று இருக்கும். "இதே கலர் அதிலும் வரும்" என்பார். ஒரு கம்பெனியின் ஷேடை இன்னொரு கம்பெனியின் மெஷினில் கலந்தால் வெளிர் ஊதாவில் அச்சு அசலாக வருவது அபூர்வம். டோக்கனை அவரிடமே கொடுத்துவிடுங்கள், டப்பாவை நீங்கள் வாங்குங்கள்.

8. வாங்கும் நாள்

முழு அளவையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மெஷினில் கலக்கச் சொல்லுங்கள். 5 லிட்டர் வேண்டுமென்றால் 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் ஒன்று. ஐந்து 1 லிட்டர் டப்பாக்கள் வேண்டாம். வெளிர் நிறத்துக்கு ஒரு லிட்டரில் விழும் சாயம் சில துளிகள்தான். அதில் ஒரு சொட்டுக் கூடக்குறைய விழுந்தாலும் சின்ன டப்பாவில் அது பெரிய வித்தியாசம்.

கலந்தபின் குலுக்கும் மெஷினில் முழு நேரமும் சுற்றட்டும். கடையில் கூட்டமாக இருந்தால் அரை நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். அப்படியே வாங்கிவந்தால் சுவரில் ஊதாக் கோடுகள் விழும். மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு விரல் அளவு எடுத்து உங்கள் மாதிரி அட்டையின் மேலேயே தடவி, காயவைத்து ஒப்பிடுங்கள். அதனால்தான் மாதிரி அட்டையைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறேன். சாயம் கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். கடையை விட்டு வெளியே வருவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். டச்-அப்புக்கு வேண்டியதை அந்தக் கலவையிலிருந்தே, தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னால், அரை லிட்டர் எடுத்துத் தனியாக வையுங்கள்.

மேட் வாங்குவதா, பளபளப்பா? பளபளப்பில் விளக்கு பட்ட இடம் வெள்ளையாக மின்னி அங்கே நிறமே தெரியாது, பட்டியின் மேடுபள்ளமும் காட்டிக்கொடுக்கும். மேட் அல்லது லேசான பளபளப்பு போதும்.

9. எப்போது, எத்தனை நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் இழுத்திருக்கும், பட்டி காயாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் அவசர வேலைதான். மாசி, பங்குனி சரியான காலம். கத்திரி வெயிலில் உள்ளறைக்கு அடிக்கலாம், ஆனால் ஃபேனை அணைத்துவிட்டு அடிக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் ரோலர் பட்டையும் அடுத்த பட்டையும் சேரும் இடம் கோடாக நிற்கும். ஊதாவில் அந்தக் கோடு நன்றாகவே தெரியும்.

ஓர் அறைக்கு வரிசை: முதல் நாள் சாமான் நகர்த்திச் சுரண்டுவது. இரண்டாம் நாள் பட்டி. மூன்றாம் நாள் உப்புத்தாள் தேய்த்துத் தூசி துடைத்து பிரைமர். நான்காம் நாள் காலையில் ஒரு கோட், நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது. பட்டி, பிரைமர், பெயிண்ட் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சுவரைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும் என்று முன்னாலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்திய இடம் பிறகு மறையாது. முதல் கோட்டைப் பார்த்துவிட்டுப் பதறவும் வேண்டாம். முதல் கோட்டில் இந்த நிறம் திட்டுத்திட்டாக, நோயாளி மாதிரிதான் இருக்கும். இரண்டாவது ஏறி, ஒரு ராத்திரி காய்ந்தபின் பாருங்கள்.

வேலை முடிந்து இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்துவைத்து, அதன்பிறகே அந்த அறையில் படுக்கப் போங்கள். ஈரத்துணியால் துடைப்பதற்கு ஒரு மாதம் பொறுப்பது நல்லது.

10. கூட என்ன நிறம் வைப்பது

மேற்கூரைக்குச் சுத்த வெள்ளை. "ஆஃப் ஒயிட்", "ஐவரி" என்று மஞ்சள் கலந்த வெள்ளைகளை அடித்தால் ஊதாவுக்குப் பக்கத்தில் அவை நிகோடின் கறை மாதிரி தெரியும். சுவிட்ச் போர்டு பழசாகி மஞ்சளித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், பளிச்சென்று கண்ணில் குத்தும்.

தேக்குக் கட்டில், தேக்கு அலமாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த நிறம் நல்ல வாய்ப்பு. தேக்கின் மஞ்சள் பழுப்பும் ஊதாவும் எதிரெதிர் என்பதால் மரம் எடுப்பாகத் தெரியும், அதன் ரேகைகள்கூட. ரோஸ்வுட் அல்லது செம்பழுப்பு லேமினேட் போட்ட அலமாரி இருந்தால் நீலம் சாய்ந்த, புகை படிந்த ஊதாவுக்குப் போங்கள். சிவப்பு ஊதாவும் சிவப்பு மரமும் சேர்ந்தால் இரண்டுமே அழுக்காகத் தெரிகின்றன.

திரைச்சீலையில்தான் பலரும் தவறுகிறார்கள். சுவருக்குப் பொருத்தமாக என்று அதே ஊதாவில் தேடுவார்கள். துணியின் சாயமும் பெயிண்டின் சாயமும் வேறு. கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தவை வீட்டு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். வெள்ளை, வெளிர் சாம்பல், மங்கலான பச்சை, இல்லையென்றால் ரொம்ப அழுத்தமான கத்தரிக்காய் நிறம் என்று விலகியே நில்லுங்கள். கோரைப்பாய், பித்தளை விளக்கு, சாயமிடாத கைத்தறி எல்லாம் இந்தச் சுவருக்கு முன்னால் மிக நன்றாக இருக்கும். எனக்கு இந்த நிறம் இவ்வளவு பிடிப்பதற்கு அதுவே காரணம்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மஞ்சளும் பழுப்புமான சாமான்களை அது மேலே தூக்கிக் காட்டுகிறது.

நேரடி வெயில் தினமும் விழும் சுவர் என்றால் திரை கட்டாயம் வேண்டும். வெளிர் ஊதா வெயிலில் மெல்ல வெளிறும், திரைக்குப் பின்னாலும் படத்துக்குப் பின்னாலும் உள்ள இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும்.

11. மிச்சப் பெயிண்டும் டச்-அப்பும்

எடுத்துவைத்த அரை லிட்டரைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, காற்றுப் போகாமல் மூடி, மேலே ஷேட் எண்ணும் தேதியும் அறையின் பெயரும் எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெரிய டப்பாவின் அடியில் கொஞ்சமாக விட்டுவைத்தால் ஆடை கட்டிக் கெட்டுப்போகும். கெட்ட வாடை வந்தால் உபயோகிக்காதீர்கள்.

ஆணி அடித்த ஓட்டை, கட்டில் உரசிய கோடு போன்றவற்றுக்கு முதல் ஓராண்டுக்குள் டச்-அப் செய்தால் ஒட்டிக்கொள்ளும். பிரஷ் வேண்டாம். முதலில் எதால் அடித்தார்களோ அதே மாதிரி சின்ன ரோலர், இல்லையென்றால் ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றி எடுங்கள். ஓராண்டு தாண்டிவிட்டால் புள்ளி புள்ளியாகச் சரிசெய்ய வேண்டாம், மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுங்கள். வாடகை வீட்டைக் காலிசெய்யும்போது வெள்ளைக்குத் திரும்ப வேண்டும் என்றால் ஒரு கோட் பிரைமரும் இரண்டு கோட் வெள்ளையும் போதும். ஆள் ஏற்பாட்டை வீடு காலிசெய்யும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொண்டு, முடிந்ததும் உரிமையாளரை அழைத்துப் பகலில் காட்டிவிட்டு, அட்வான்ஸ் கணக்கை அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.